மலைக்காற்று தூக்காத நிறைகுடம்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனிக்கு மருந்து அடிக்கிற புது ட்ரோன் வந்திருக்கிறது. அங்கே வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள். "ஆன்டி, இந்த மெசினுக்கு ரொம்பக் கொழுப்பு லா. வெயில் ஏறிட்டா டேங்கைக் கொறைங்குது. கொறைக்கலன்னா ஏறவே மாட்டேங்குது. நீங்கல்லாம் எப்படித்தான் சமாளிச்சீங்க?"

கேட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நாங்கள் வேலை பார்த்தபோது இந்த 'மாட்டேன்' என்ற சொல்லை மெசின் சொல்லாது, மனிதர்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால் வேலை நிற்குமா, சொன்னவர் வீட்டுக்குப் போவாரா என்பது அன்றைக்கு மேலதிகாரி காலையில் என்ன சாப்பிட்டார் என்பதைப் பொறுத்தது. நாங்கள் வேலை பார்த்தபோது என்றால் வெள்ளைக்காரன் காலம் என்று நினைத்துவிடாதீர்கள். சில வருடங்களுக்கு முன்புதான். இந்தத் தொழிலில் போன வருடத்து மெசினைக் காட்டினாலே இது மியூசியத்திலிருந்து வந்ததா என்று கேட்கிறார்கள்.

அந்தப் பிள்ளைக்குக் குரலிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் போன் சூடாகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

கிள்ளானில் தோட்டங்களுக்கு மருந்து அடித்துக் கொடுக்கும் கம்பெனி அது. நான் மருந்து ஸ்டோரில் கலக்கிக் கொடுக்கும் ஆள். எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு எது, களைக்கு எது, எதை எதனோடு கலந்தால் புகையும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கம்பெனி ட்ரோன் வாங்கியதும் இளவட்டங்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். லைசென்ஸ் கைக்கு வந்ததும் அவர்கள் சிங்கப்பூர் பக்கம் பறந்துவிட்டார்கள். ட்ரோன் மட்டும் தரையில் கிடந்தது. "வேணியை அனுப்புங்க, அவங்க எங்கயும் ஓட மாட்டாங்க" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னை விமானியாக்கிய தகுதி அதுதான்.

டெங்கிலில் ஒரு திடலில் பயிற்சி. முதலில் விழுந்தது, பிறகு விழாமல் இருந்தது, பிறகு லைசென்ஸ் வந்தது. பயிற்சியைப் பற்றி இவ்வளவு போதும். ஒரே ஒரு பாடம் மட்டும் மனதில் நின்றுவிட்டது. சொல்லிக்கொடுத்த மலாய்க்கார சிக்கு, அதாவது வாத்தியார், ஒருநாள் காய்ந்த காற்று கனமா, ஈரக்காற்று கனமா என்று கேட்டார். ஈரத்துணி கனம், ஈர விறகு கனம், ஆகவே ஈரக்காற்றும் கனம் என்று எல்லோரும் கோரஸாகக் கத்தினோம். "சாலா!" என்றார் சிக்கு. தப்பு. நீராவி கலந்த காற்று லேசு. சூடான காற்று லேசு. உயரத்துக் காற்று இன்னும் லேசு. ட்ரோன் காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே நிற்கிறது. தள்ளுவதற்குக் கனமாக ஒன்று கிடைக்காவிட்டால் இறக்கைகள் வெறுமனே சுற்றும், மோட்டார் கொதிக்கும், பேட்டரி மளமளவென்று இறங்கும். நம் ஊரில் சூடும் ஈரமும் இலவசம். மலைக்குப் போனால் சூடு குறையும், ஆனால் அந்த லாபத்தை உயரம் வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. காற்று லேசானால் மொத்தத்தில் தூக்குகிற சக்தி கொஞ்சம்தான் குறையும். ஆனால் மெசின் தன் உடம்பைக் குறைத்துக்கொள்ளாது. பேட்டரியும் இளைக்காது. குறைகிற அத்தனையும் டேங்கில்தான் வந்து விழும். வீட்டில் வருமானம் குறைந்தால் அப்பா சிகரெட்டைக் குறைக்க மாட்டார், பிள்ளையின் பாலைத்தான் குறைப்பார். அந்தக் கதைதான்.

இனி எங்கள் மேலதிகாரி தர்மலிங்கம் சார். இவரைப் பற்றி அவசரப்படாமல் சொல்ல வேண்டும்.

சார் படித்த இன்ஜினியர். சட்டைக் கை மடிப்பு கலையாது. கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. எந்த உத்தரவையும் உத்தரவாகப் போட மாட்டார். பக்கத்தில் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, "யோசிச்சுப் பாருங்களேன், வேணி" என்பார். இதற்கு, நான் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன், நீங்களும் அதே முடிவுக்கு வந்து சேருங்கள், பிறகு ஏதாவது ஆனால் அது உங்கள் யோசனை என்று பொருள். இந்த மூன்று வார்த்தையில் ஒரு நிர்வாகத்தையே நடத்தினார் மனிதர். சும்மா சொல்லக்கூடாது, பெரிய திறமை.

பறப்பதற்கு முன் நாங்கள் செய்கிற காரியங்கள் அத்தனையும் அவர் வகுத்துக் கொடுத்தவை. நிழலில் வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டும். டேங்கைத் தராசில் தூக்கி நிறுக்க வேண்டும், கண்ணளவு கூடாது. ஒவ்வோர் இறக்கையையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு மெசினை முதலில் நெஞ்சு உயரத்துக்கு எழுப்பி நிறுத்த வேண்டும். அதோடு விடக்கூடாது, மர உயரத்துக்கு ஏற்றி மறுபடி நிறுத்த வேண்டும். அங்கேயும் முனகாமல் நின்றால்தான் வேலை தொடங்கலாம். ஏன் இரண்டு தடவை என்று கேட்டபோது சார் வெண்பலகையில் படம் போட்டு விளக்கினார். தரைக்குப் பக்கத்தில் இருக்கும்போது கீழே தள்ளிய காற்று தரையில் மோதி மெத்தை மாதிரி தாங்கும். அந்த மெத்தையை நம்பி ஏமாறக்கூடாது. "நெஞ்சு ஒயரத்துல எல்லா மெசினும் ஹீரோதான், வேணி. மேல போனாத்தான் தெரியும்" என்றார்.

எவ்வளவு அழகான பேச்சு! விஷயம் தெரியாத மேலதிகாரியைக் கூட மன்னித்துவிடலாம். இவருக்கு எல்லாம் தெரியும். என்ன செய்வது, அறிவு தலையில் இருந்தது, முதுகெலும்பு வரை இறங்கவில்லை. பெரிய மனிதர் யாராவது எதிரே வந்து உட்கார்ந்தால் வெண்பலகை அழிந்துவிடும்.

கேரி தீவில் ஒரு மத்தியானம் இதைக் கண்ணால் பார்த்தேன். காலையெல்லாம் மழை. பிறகு சுள்ளென்று வெயில். செம்பனைக்கு நடுவே தரையிலிருந்து ஆவி கிளம்பி, இட்லிப் பானைக்குள் நிற்பதுபோல் இருந்தது. என்னோடு வேலை பார்த்தவன் மகேன். முப்பது வயதுக்காரன், கை சுத்தம், வாய் மென்மை. யார் எதைச் சொன்னாலும் "ஓகே பாஸ்" என்பான். அதுதான் அவனிடம் எனக்குப் பிடித்த குணமும் பிடிக்காத குணமும். அன்றைக்குள் முடிக்க வேண்டும் என்று தோட்டத்து மேனேஜர் குதித்தார். சார் போனில், "யோசிச்சுப் பாருங்களேன் மகேன், கொஞ்சம்தானே பாக்கி" என்றார். மகேன் யோசித்தான். அதாவது, டேங்கை முழுக்க நிரப்பினான், மர உயரத்தில் நிறுத்திப் பார்ப்பதை விட்டுவிட்டான். நான் அப்போது பேட்டரி எடுக்க லோரிப் பக்கம் போயிருந்தேன்.

நெஞ்சு உயரத்தில் ஹீரோவாகத்தான் நின்றது. ஓலை உயரத்துக்குப் போனதும் சத்தம் மாறியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சுமை தூக்குகிறவன் படியில் ஏறும்போது பல்லைக் கடிக்கிற சத்தம். "மகேன், தள்ளிப் போடா!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தேன். அவன் இன்னும் மேலே இழுத்தான். இழுக்க இழுக்க அது இறங்கியது. அவன் பக்கத்திலேயே விழுந்து, ஒரு இறக்கை முறிந்து தெறித்து, அவன் காதுக்குக் கீழே கீறிவிட்டது. சட்டைக் காலர் முழுக்க ரத்தம். ஒரு விரல்கட்டை தள்ளியிருந்தால் கழுத்து நரம்பு.

மரத்தடியில் சோறு தின்றுகொண்டிருந்த முனியம்மா என்ற தோட்டக்காரப் பெண், எச்சில் கையோடு எழுந்து வந்து மெசினைப் பார்த்துத் திட்டினாள். "தூக்க முடியலன்னா வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா? ஆள சாவடிக்கவா வந்த?" அந்தத் திட்டு மெசினுக்குப் போகவேண்டியதே இல்லை. போகவேண்டியவர்கள் போனில் இருந்தார்கள்.

விபத்துக்குக் காரணம் 'எதிர்பாராத காற்று' என்று கம்பெனி முடிவு செய்தது. பாவம் காற்று, அதற்கு வக்கீல் கிடையாது. மகேனுக்குத் தையல் போட்டார்கள். அவன் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதுகொண்டே இருந்தாள். அன்றிலிருந்து மகேன் மெசினை எடுக்கும்போதெல்லாம் நான் பக்கத்திலேயே போய் நின்றுகொள்வேன். அவனுக்குக் கொஞ்சமும் பயமில்லை என்பதுதான் என் பயமே. ஆறிப்போன தழும்பைத் தடவிக்கொண்டு மறுபடியும் "ஓகே பாஸ்" என்றான்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் டத்தோ வந்தார்.

எந்த டத்தோ என்று கேட்காதீர்கள், நம் ஊரில் கல்லெறிந்தால் அரண்மனைப் பட்டம் வாங்கிய ஒரு டத்தோ மேல்தான் விழும். இவருக்குக் கேமரன் மலையில் தேயிலையும் காய்கறியுமாகப் பெரிய தோட்டம். தோட்டத்துக்குள் ஒரு முருகன் கோயில். அதற்குக் கும்பாபிஷேகம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார்.

"தீர்த்தம் எல்லாருக்கும் வானத்துலேர்ந்து வரணும். பம்புல அடிக்கிறது, பாட்டில்ல தெளிக்கிறது எல்லாம் பழசு. இந்தியாவுல ஹெலிகாப்டர்ல பூ போடறான். நம்ம என்னா கொறச்சலா? ட்ரோன் வுடுங்க. நல்லா செஞ்சீங்கன்னா மலைத் தோட்டம் மொத்தமும் மருந்தடிக்கிற கான்ட்ராக்ட் ஒங்களுக்குத்தான்."

"போலே டத்தோ" என்றார் சார். ரசம் வருவதற்குள் சம்மதம் கொடுத்தாகிவிட்டது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "டத்தோ, மலையில காத்து மெலிசு. டேங்கைப் பாதிதான் நெரப்ப முடியும்" என்றேன்.

"காத்து மெலிசா?" டத்தோ என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யம்மா, நான் மாசாமாசம் அங்க போறேன். எனக்கு மூச்சு நல்லாத்தான் வருது."

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் மோரை எடுத்துக் குடித்துவிட்டேன்.

அடுத்து ஆசாரப் பிரச்சினை. களைக்கொல்லி சுமந்த டேங்கில் தீர்த்தமா என்று கோயில் கமிட்டி கூடிப் பேசிப் புது டேங்க் வாங்கச் சொன்னது. சரி, நியாயம். பிறகு மெசினுக்கு எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கட்டவேண்டும் என்றார்கள். இறக்கையில் சிக்கும் என்று சொல்லி அதை லோரிக்குக் கட்டினேன். கடைசியில் செயலாளர் தயங்கித் தயங்கி வந்து, "ஒரு லேடி ஓட்டறது... அதாவது, நாள் கணக்கு..." என்று தரையைப் பார்த்தார். "தம்பி, எனக்கு அறுபது ஆகப்போகுது. அந்தக் கணக்கையெல்லாம் ஆண்டவன் எப்பவோ முடிச்சு வச்சிட்டான்" என்றேன். ஓடியே போய்விட்டார்.

கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் மலையில் ஒத்திகை. கோயிலுக்குப் பின்னால் ஆளில்லாத மேட்டில் வைத்துக்கொண்டேன். டேங்க் முழுக்கப் பச்சைத் தண்ணீர். சார் வகுத்த முறைப்படி நெஞ்சு உயரத்துக்கு எழுப்பினேன். ஆடாமல் அசையாமல் நின்றது. டத்தோ கைதட்டினார். "பாத்தீங்களா! பாதி டேங்காம் பாதி டேங்கு!" என்று சொல்லிவிட்டு, போட்டோக்காரர் கூப்பிட்டார் என்று போய்விட்டார். அவர் போன பிறகு மர உயரத்துக்கு ஏற்றினேன். கேரி தீவில் கேட்ட அதே பல்லைக் கடிக்கிற சத்தம். மெல்ல இறங்க ஆரம்பித்தது. மேலே இழுக்காமல் முன்னால் ஓட்டினேன். ஓட்டத்தில் இறக்கைக்குப் புதுக் காற்று கிடைக்கும், கொஞ்சம் தாங்கும். எப்படியோ சுற்றிக் கொண்டுவந்து இறக்கினேன். சார் பக்கத்தில்தான் நின்றார். எல்லாவற்றையும் பார்த்தார்.

"சார், பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"டத்தோகிட்ட சொல்லுங்க."

கண்ணாடி கழன்றது. "நாளைக்கு விசேஷம். இப்பப் போய்ச் சொன்னா மனசு கஷ்டப்படும். யோசிச்சுப் பாருங்களேன்."

மறுநாள் காலை யாகசாலையில் மந்திரம் ஓதிக்கொண்டிருக்கும்போதே டேங்கை நிரப்புகிற இடத்தில் சண்டை தொடங்கிவிட்டது. பாதியில் நிறுத்து என்றேன் நான். டத்தோவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கும்பாபிஷேகத்துக்குக் கொறக்கொடமா? வெளங்குமா? நெறகொடம் வைக்கிறதுதான்யா நம்ம சாஸ்திரம்! என் பேரு வெட்டின கல்லு அங்க நிக்குது, கொறக்கொடத்துல தண்ணி தெளிச்சான்னு நாளைக்கு ஊரு பேசாது?"

நம் வீட்டு வாசலிலும் குறைகுடம் வைக்க மாட்டோமே. காற்றின் கனத்தைப் பற்றி அவரிடம் வாதாடலாம், சாஸ்திரத்தோடு யார் வாதாடுவது? கோபுரச் சாரத்தில் குருக்கள்மார் ஏறப்போகிறார்கள். கயிறு கட்டி நிறுத்தியிருந்த ஜனம் கயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. இவர்கள் தலைக்கு மேலே அந்தச் சுமையோடு நான் ஏற்றவே மாட்டேன். "முழு டேங்க்னா வேற ஆளைப் பாத்துக்குங்க டத்தோ" என்று ரிமோட்டைக் கீழே வைத்தேன். உடனே டத்தோ திரும்பி, "நீ ஓட்டுவியா தம்பி?" என்றார். மகேன் என்னைப் பார்த்தான், சாரைப் பார்த்தான், வாயைத் திறந்தான். அந்த வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

அதற்குள் குருக்கள் குறுக்கே வந்தார். "டத்தோ, நிறைகுடம்தான் வைக்கணும். நீங்க சொல்றது ரொம்பச் சரி. நான் முறைப்படி நிரப்பித் தரேன். நீங்க யாகசாலைக்குப் போங்கோ, பூர்ணாகுதிக்கு நேரமாச்சு" என்று அவரை அனுப்பிவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "எவ்வளவும்மா தூக்கும்?"

"பாதி, சாமி. அதுக்கு மேல ஒரு சொம்பு கூட ஆபத்து."

பக்கத்தில் ஜனங்களுக்குக் கொடுக்க மினரல் வாட்டர் பாட்டில்கள் அட்டைப் பெட்டிகளில் அடுக்கியிருந்தன. சின்னச் சின்ன பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் டத்தோ கைகூப்பிச் சிரிக்கிற படம். குருக்கள் அதையே பார்த்தார். "எச்சில் பண்ணாத பாட்டிலா எடுங்கோ. தண்ணியைக் கொட்டிட்டு, மூடியை இறுக்கி, உள்ள அடுக்குங்கோ. அப்புறம் தீர்த்தம் ஊத்தினா வாய் வரைக்கும் வந்துடும் இல்லையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்துவிடும்தான். பாட்டில் மிதந்து மேலே வராமல் டேங்க் வாயில் இருக்கிற சல்லடை அமுக்கிக்கொள்ளும்.

"சாமி, இது தப்பில்லையா?"

"உள்ள என்ன இருக்குன்னு முருகனுக்குத் தெரியும். டத்தோவுக்கு வாய் வரைக்கும் தெரிஞ்சா போதும்."

மடைப்பள்ளிக்குப் பின்னால் நானும் மகேனும் உட்கார்ந்து பாட்டில்களைக் காலி செய்து, மூடி, அடுக்கினோம். சார் அந்தப் பக்கம் வந்தார். பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போய், மலையின் அழகை ரசிக்க ஆரம்பித்துவிட்டார். குருக்கள் மந்திரம் சொல்லித் தீர்த்தம் ஊற்றி, வெள்ளை டேங்கைச் சுற்றி மஞ்சள் பட்டு கட்டினார். தராசில் வைத்தேன். சரியாக நான் கேட்ட எடை. டத்தோ வந்து எட்டிப் பார்த்தார். வாய் வரை ததும்பியது.

"இதுதான்யா நெறகொடம்!" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நெஞ்சு உயரம், நின்றது. மர உயரம், நின்றது. முனகல் இல்லை. கோபுரத்தில் மோதிச் சுழல்கிற காற்று பொல்லாதது என்று, காற்று வருகிற பக்கத்திலிருந்தே கொண்டுபோனேன். குருக்கள்மார் கலசத்தில் ஊற்றவும் நான் தீர்த்தத்தைத் திறந்தேன். கயிற்றுக்கு அப்பால் நின்ற ஜனத்தின் மேல் காற்றே அதை ஏந்திக்கொண்டு போய்த் தூவியது. "அரோகரா!" என்று மலையே அதிர்ந்தது. கைக்குழந்தைகளை மேலே தூக்கிப் பிடித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனையோ வருஷம் விஷம் கலக்கித் தெளித்த கை இது. ஒருநாளாவது நல்ல தண்ணீர் தெளித்ததே என்றிருந்தது.

அத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இன்றைக்கும் கோயில் மாலையோடு போட்டோ மாட்டி வைத்திருப்பேன்.

அன்னதானப் பந்தலில் டத்தோ மைக்கைப் பிடித்தார். "இந்தக் கம்பெனிக்காரங்க என்னைப் பயமுறுத்தினாங்க. மலையில காத்து மெலிசாம், பாதி டேங்குதான் தூக்குமாம். நெறகொடம் பறந்துச்சா இல்லையா?" பந்தல் கைதட்டியது. "முருகன் காட்டிட்டான்! அடுத்த மாசத்துலேர்ந்து நம்ம தோட்டம் பூரா இவங்கதான் மருந்து அடிக்கப்போறாங்க. ஆனா ஒண்ணு, ஃபுல் டேங்கு. பாதி டேங்கு தூக்கிட்டு வந்தா கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவேன். என்னா தர்மலிங்கம்?"

"போலே டத்தோ" என்றார் சார். முதல் நாள் அந்த மேட்டில் நின்று பார்த்தவர். காலையில் மலையழகை ரசித்தவர்.

"இங்க டீம் லீடர் யாரு?" சார் மகேனைக் கைகாட்டினார். மகேனை மேடைக்கு ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். தங்குவதற்கு வீடு, குழந்தையைக் கூட்டி வரலாம் என்றெல்லாம் டத்தோ அடுக்கினார். மகேனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பாட்டிலை அடுக்கியதே அவன் கைதான். "ஃபுல் டேங்கு ஓகேதானே தம்பி?" என்று டத்தோ கேட்டார்.

"ஓகே பாஸ்" என்றான்.

என் இலையில் பாயசம் வந்து விழுந்தது. நான் தொடவில்லை. தேயிலைச் சரிவில் நிற்பதற்கே ஒரு முழம் இடம் கிடையாது. மெசின் விழுந்தால் ஒதுங்கி ஓட வழியில்லை, கீழே கொழுந்து கிள்ளுகிற பெண்கள் வேறு. அங்கே இவன் முழு டேங்கோடு நிற்பான், சத்தம் மாறும், மேலே இழுப்பான். இந்தத் தடவை ஒரு விரல்கட்டை மிச்சம் வைக்குமா? அவன் மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்திருந்தது ஞாபகம் வந்தது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன்.

லோரியிலிருந்து டேங்கைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்கு வந்தேன். சார் பார்த்துவிட்டார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "வேணி! யோசிச்சுப் பாருங்க, வேணி!" என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"யோசிச்சிட்டேன் சார்."

மேடைக்கு முன்னால் மஞ்சள் பட்டுத்துணியை அவிழ்த்தேன், சல்லடையைக் கழற்றினேன், டேங்கைக் கவிழ்த்தேன். பாட்டில்கள் கடகடவென்று கொட்டி, பந்தி நடுவே இலைகளுக்கு இடையில் உருண்டு ஓடின. ஒவ்வொன்றிலும் டத்தோ கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார், உள்ளே வெறும் காற்று.

"டத்தோ, மன்னிச்சிடுங்க. பறந்தது பாதித் தண்ணிதான். மிச்சம் இதுதான். முழு டேங்க் இந்த மலையில தூக்காது. தூக்கச் சொன்னீங்கன்னா யாராவது சாவாங்க."

சாம்பார் வாளியோடு நின்றவர் கொல்லென்று சிரித்துவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு பின்வரிசை சிரித்தது, அப்புறம் முன்வரிசை. டத்தோ குருக்களைத் தேடினார். "சாமி, ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் டத்தோ. நான்தான் சொன்னேன்" என்றார் அந்த மனிதர், கொஞ்சமும் தயங்காமல். அன்றைக்குப் பந்தலில் முதுகெலும்போடு நின்றவர் அவர். அடுத்த மாதமே அவரை வேறு கோயிலுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

கான்ட்ராக்ட் போய்விட்டது. பொன்னாடையை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை. சார் தன் காரில் தனியாகப் போய்விட்டார். கிள்ளான் போனதும் நடந்த எல்லாவற்றுக்கும் 'தொடர்பு இடைவெளி' என்று பெயர் வைத்தார். காற்றின் மேல் பழி போடாதவரை சந்தோஷம்.

லோரியில் நானும் மகேனும்தான். அவன் ஓட்டினான். மலைப்பாதையில் முதல் சில வளைவுகளில் கியரைப் போட்டு உடைத்தான். பிறகு வெடித்தான்.

"ஒங்களுக்கு என்னா ஆன்டி? நாளைக்கு ரிட்டையர் ஆயிட்டு வீட்டுல ஒக்காந்துக்குவீங்க. எனக்கு? வீடு குடுத்தாங்க, லீடர் போஸ்ட் குடுத்தாங்க. ஒரே நிமிசத்துல என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே! ஒங்கள யாரு கேட்டா?"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. "ஆமாடா, நான்தான் கெடுத்தேன். திட்டு. நல்லா திட்டு. திட்டறதுக்கு நீ இருக்கணும்னுதான்டா கெடுத்தேன்" என்றேன்.

அதைக் கேட்டாவது கொஞ்சம் இளகுவான் என்று நினைத்தேன். ஊஹூம். எத்தனையோ வருஷத்து "ஓகே பாஸ்"களுக்கும் சேர்த்து, அடக்கி வைத்ததையெல்லாம் என் மேல் கொட்டினான். என் வயதைத் திட்டினான், என் வாயைத் திட்டினான், சாரைத் திட்டினான், டத்தோவின் பரம்பரையைத் திட்டினான். மலையடிவாரத்துத் தாப்பா வரும்வரை நிறுத்தவில்லை. அவ்வளவு சத்தமாக, அவ்வளவு உயிரோடு அவன் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், சுகமாகக் கேட்டுக்கொண்டே வந்தேன்.